சால்மனும் காலாவும் ஒன்றல்ல, இரையும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் வசிக்கும் பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்காகத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையில், கனடாவின் மேற்குக் கரையில் சால்மன் மீனுக்குத் தூண்டில் போடுவது குறித்து எழுதப்பட்டிருந்த பகுதியை இரண்டு முறை படித்தேன். எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து வாழாத வீடு அரிது என்பதால், இந்தக் கட்டுரையை நம்பிப் புறப்படுவோர் இங்கே பலர் இருப்பார்கள். அதனாலேயே அதிலுள்ள இரண்டு பிழைகளைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். சால்மன் என்பது நம் ஊர்க் காலா மீன்தான் என்பது முதற்பிழை. ஆகவே காலாவுக்குப் போடுவதுபோல இறாலைக் குத்தி, கனமான ஈயம் கட்டி, அடியில் கிடக்கவிட்டால் போதும் என்பது அதிலிருந்து கிளைத்த இரண்டாவது பிழை.

நான் பள்ளத்தூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். சிறுவயதில் ஊர்க் கண்மாயில் மயிலிறகுத் தண்டைத் தக்கையாகக் கட்டி, மண்புழு குத்திக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்துப் பழகியவன். 2018-லும் 2023-லும் வான்கூவருக்கு அருகில் வசிக்கும் மகன் வீட்டில் இலையுதிர் காலம் முழுவதும் தங்கியிருந்தபோது, கடலிலும் ஆற்றிலும் சால்மனுக்குத் தூண்டில் போட்டிருக்கிறேன். நான் தேர்ந்தவன் அல்லன். ஆனால் தங்கள் கட்டுரை சொல்லும் அதே தவற்றை முதல் வாரம் முழுவதும் செய்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தொண்டியிலிருந்தும் ஜெகதாப்பட்டினத்திலிருந்தும் நம் சந்தைகளுக்கு வரும் காலாவை ஆங்கிலேயர் 'இந்தியன் சால்மன்' என்று அழைத்தார்கள். மீன் கடைகளின் விலைப்பட்டியலில் அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உயிரியல் வகைப்பாட்டில் இரண்டுக்கும் உறவே இல்லை. காலாவின் மார்புத் துடுப்புக்குக் கீழே தனித்தனியாக நான்கு இழைகள் தொங்குவதை மீன் வாங்கும் எவரும் பார்த்திருக்கலாம். கலங்கிய கரையோர நீரில் அந்த இழைகளால் தரையைத் தடவி இறாலையும் சிறு மீனையும் தேடித் தின்னும் மீனுக்கு, அடியில் கிடக்கும் இறால் பொருத்தமான இரைதான். சால்மனுக்கு அந்த இழைகள் கிடையாது. மாறாக, முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே கதிர்முள் இல்லாத ஒரு சிறு சதைத் துடுப்பு உண்டு. நம் கெளுத்திக்கும் அத்தகைய துடுப்பு இருப்பதைக் கண்மாயில் இறங்கியவர்கள் அறிவார்கள். தமிழ்நாட்டில் சால்மனுக்கு நெருங்கிய சொந்தம் என்று சொல்ல வேண்டுமானால், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டு அவலாஞ்சிப் பகுதி ஓடைகளில் நிலைத்துவிட்ட வானவில் டிரவுட் மீனைத்தான் சொல்ல வேண்டும். பசிபிக் சால்மன்களும் அதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

இனி இரைக்கு வருகிறேன். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம் என ஐந்து வகைச் சால்மன்கள் உள்ளன. ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆற்றுக்கு வந்து, முட்டையிட்டபின் மடிந்துபோவது இந்த ஐந்துக்கும் பொது. இதில் தூண்டில்காரர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடலில் இருக்கும்வரை பெருந்தீனிக்காரனாக இருக்கும் இந்த மீன், ஆற்று நீருக்குள் புகுந்ததும் தின்பதை நிறுத்திவிடுகிறது. இதை ஏட்டில் படித்திருந்தும் நான் நம்பவில்லை. ஒரு செப்டம்பரில் ஜார்ஜியா நீரிணையில் பிடித்த சினூக் ஒன்றை மகன் வீட்டுக் கழுவுதொட்டியில் வைத்து அறுத்தபோது, அதன் வயிற்றில் நம் நெத்திலியைப் போன்ற மீன்கள் பாதி கரைந்தும் கரையாமலும் ஒரு கைப்பிடி இருந்தன. அடுத்த மாதம் வெட்டர் ஆற்றில் பிடித்த கோஹோவின் இரைப்பையோ காய்ந்த வெற்றிலைக் காம்புபோல் சுருங்கி வெறுமையாக இருந்தது. அருகில் நின்ற பேரன், "ஐயா, இது பட்டினி கிடந்துச்சா?" என்று கேட்டான். பட்டினி என்றால் பசி இருக்க வேண்டும். இந்த மீனுக்குப் பசியே அற்றுப்போய்விட்டது. ஆகவே கடலில் நாம் கட்டுவது பசிக்கு இரை. ஆற்றில் கட்டுவது மீனின் சினத்தையோ பழைய பழக்கத்தின் மிச்சத்தையோ தூண்டுவதற்கான பொருள். கட்டுரையாளர் இந்த வேறுபாட்டை ஒரு வரியில்கூடத் தொடவில்லை. இது தெரியாமல் எவ்வளவு விலை கொடுத்துத் தூண்டில் வாங்கினாலும் வீண்.

கடலைப் பொறுத்தவரை, சினூக்கும் கோஹோவும் மத்தியின் உறவான ஹெர்ரிங் மீனையும், நெத்திலி வகைகளையும், கணவாய்க் குஞ்சுகளையும் துரத்தித் தின்பவை. எனவே அங்கு முதன்மையான இரை ஹெர்ரிங்தான். அதை முழுதாகக் கட்டுவதும் உண்டு. ஆனால் பழந்தூண்டில்காரர்கள் விரும்புவது, செவுளுக்குப் பின்னே தலையை நேராக வெட்டாமல் இரண்டு பக்கமும் சாய்வாக வரும்படி வெட்டியெடுத்த முண்டத்தை. அந்தச் சாய்வு எதற்கென்று முதலில் எனக்கு விளங்கவில்லை. படகு மெல்ல நகரும்போது, சாய்ந்த வெட்டுமுகத்தில் நீர் மோதி, இரையைத் திருகாணிபோல் சுழலவைக்கிறது. அடிபட்டுத் தடுமாறும் மீன் அப்படித்தான் புரளும் என்பதால் சால்மன் பாய்ந்து வருகிறது. வெட்டு நேராக இருந்தால் இரை ஒரு பக்கமாக இழுபடுமே தவிரச் சுழலாது. சினூக்குக்கு அகன்ற, மெதுவான சுழற்சியும் கோஹோவுக்கு இறுக்கமான, வேகமான சுழற்சியும் ஏற்றவை என்பார்கள். தூண்டில் முள்ளைக் குத்தும் இடத்தை ஓரிரு நூல் அளவு நகர்த்தினாலே இந்தச் சுழற்சி மாறிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் இரையைப் படகின் ஓரத்தில் நீரில் இழுத்துப் பார்த்த பிறகே ஆழத்துக்கு இறக்க வேண்டும். இதற்கு இரையின் சதை உறுதியாக இருக்க வேண்டும். உறைநிலையிலிருந்து எடுத்த ஹெர்ரிங் குழைந்து முள்ளில் நிற்காது. முதல் நாள் இரவே அயோடின் சேர்க்காத கல்லுப்புக் கரைசலில், குளிர்ச்சி குறையாமல், ஊறவைத்தால் சதையிலுள்ள நீர் வெளியேறித் தோல் இறுகும். செதிலின் வெள்ளி மினுக்கும் உதிராமல் நிற்கும். ஊறுகாய்க்கு எலுமிச்சையை உப்பில் போடும் எங்கள் வீட்டு ஆச்சிமார்களுக்கு இந்த வேதியியலைப் பாடமாக நடத்தத் தேவையில்லை.

இந்த இரையைக் கட்டும் அமைப்பு எளியது. நரம்பு எனப்படும் முதன்மைத் தூண்டில் இழையின் நுனியில் வாழைப்பழம்போல் வளைந்த ஓர் ஈயம். அதன் இரு முனைகளிலும் நரம்பு முறுக்கிக்கொள்ளாதபடி சுழல்வளையங்கள். அதற்குக் கீழே சுமார் 6 அடி நீளத்துக்கு லீடர் எனப்படும் முன்நரம்பு. அதன் நுனியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ஒற்றை முட்கள். இதில் நம்மவர் தடுமாறும் இடம் மீன் கடிக்கும் தருணம். 'தூண்டில்காரனுக்குத் தக்கை மேலே கண்' என்று பழகிய நாம், கொத்தினால் தக்கை அமிழும், நரம்பு இழுபடும் என்று காத்திருப்போம். சால்மனோ இரையைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் மேல்நோக்கி நீந்துகிறது. ஈயத்தின் கனம் கையில் திடீரென்று காணாமற்போய் நரம்பு தொய்கிறது. ஏதோ அறுந்துவிட்டது என்று நினைத்து நான் விட்ட மீன்கள் எத்தனையோ. தொய்ந்த நொடியே தூண்டில் கோலிலுள்ள சக்கரத்தை விரைவாகச் சுற்றி நரம்பை இறுக்க வேண்டும்.

படகை ஓட்டிக்கொண்டே இழுத்துப் பிடிக்கும் முறையில் வேறோர் அமைப்பு உண்டு. அதில்தான் கடைக்காரர்கள் நம் பணப்பையை அதிகம் இளகச் செய்கிறார்கள். ஃபிளாஷர் என்பது சுமார் 11 அங்குல நீளமுள்ள பளபளப்பான தகடு. அதில் முள் கிடையாது. நீரில் சுழன்று ஒளியடித்து, அங்கே மற்ற மீன்கள் இரை தின்கின்றன என்று சால்மனை நம்பவைப்பதே அதன் வேலை. அதற்குப் பின்னால் ஹூச்சி என்னும், கணவாய் வடிவிலுள்ள பிளாஸ்டிக் குஞ்சத்தைக் கட்டுவார்கள். ஹூச்சிக்குத் தானாக அசையும் திறன் இல்லை. ஃபிளாஷர் உதைக்கும் உதைதான் அதற்கு உயிர் தருகிறது. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்ட நரம்பு நீண்டுவிட்டால் உதையின் வேகம் தேய்ந்து ஹூச்சி செத்த சருகுபோல் பின்தொடரும். பொதுவாக 2 முதல் 4 அடிக்குள், கோஹோவுக்குக் குறைவாகவும் சினூக்குக்குச் சற்றுக் கூடுதலாகவும் வைக்கிறார்கள். அதே இடத்தில், தானே சுழலும் நெத்திலியையோ ஹெர்ரிங்கையோ கட்டினால், ஃபிளாஷரின் உதை அதன் சுழற்சியைக் கெடுக்கும் என்பதால் நரம்பை 5, 6 அடிக்கு நீட்ட வேண்டும். தானே அசையாத இரைக்குக் குட்டை நரம்பு, தானே அசையும் இரைக்கு நெட்டை நரம்பு. இதைப் புரிந்துகொண்டவர் கடைக்காரரிடம் பாதிக் கேள்விகளைக் கேட்கவே தேவையில்லை.

நிறத்தைப் பற்றிக் கட்டுரையாளர் 'சிவப்பே சிறந்தது' என்று எழுதியிருக்கிறார். நீருக்குள் முதலில் மங்கி மறைவது சிவப்புதான். பச்சையும் நீலமும் ஆழம் வரை செல்லும். 100 அடிக்குக் கீழே இறக்கும் தூண்டிலில் சிவப்புக் குஞ்சம் கறுப்பாகவே தெரியும் என்பதால், அங்கே பச்சையோ வெள்ளையோ இருளில் ஒளிரும் வகையோ கட்டுவார்கள். மேல்மட்டத்தில் மட்டும் சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் வேலை உண்டு. கூனி போன்ற சிற்றுயிர்களையே பெரிதும் தின்று வளரும் சாக்கை மீனுக்கும், அவ்வகை உணவை விரும்பும் பிங்க் மீனுக்கும் சிறிய இளஞ்சிவப்பு ஹூச்சி பொருந்துகிறது. பெரிய ஹெர்ரிங்கைக் கட்டிக்கொண்டு சாக்கைக்குக் காத்திருப்பது கொக்குக்கு முறுக்கு வைத்துக் காத்திருப்பதைப் போன்றது. பிங்க் சால்மன் இரண்டே ஆண்டுகளில் வாழ்க்கையை முடித்துக்கொள்வது. ஃபிரேசர் ஆற்றில் அது பெருந்திரளாக வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான். இரட்டைப்படை ஆண்டில் செல்பவர் பெட்டி நிறைய இளஞ்சிவப்புத் தூண்டில்களை வாங்க வேண்டியதில்லை.

ஆற்றுக்கு வந்தால் நம் கண்மாய்ப் பழக்கம் ஓரளவு கைகொடுக்கிறது, ஏனெனில் அங்கே தக்கைதான் அரசன். ஆனால் நான் முதல் வாரத்தில் செய்ததுபோல் கனத்த ஈயத்தால் இரையை அடியில் படுக்கப்போட்டால், அதற்குச் சற்று மேலே கடந்துபோகும் மீன் அதைத் திரும்பியும் பார்க்காது. இறால் அங்கே அறவே ஆகாது என்று சொல்லவில்லை. சாயமேற்றிய இறால் வாலைக் கட்டிப் பிடிப்பவர்களும் உண்டு. இரை எது என்பதைவிட அது எவ்வாறு மிதந்து போகிறது என்பதே அங்கு முக்கியம். நரம்பில் ஏறி இறங்கும் தக்கையை, ஒரு நூல் முடிச்சால் ஆழத்தை அளந்து நிறுத்தி, தக்கைக்குக் கீழே போதுமான ஈயமும் அதற்குக் கீழே ஒன்றரை முதல் 2 அடி முன்நரம்பும் வைத்து, இரை ஆற்றின் அடியிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி உயரத்தில் நீரோட்டத்தின் வேகத்திலேயே போகும்படி விட வேண்டும். தக்கை அடிக்கடி உட்கார்ந்தெழுந்தால் ஆழம் கூடிவிட்டது. ஒருமுறைகூடத் தடைபடாமல் சென்றுகொண்டே இருந்தால் ஆழம் போதவில்லை. என்னருகில் நின்ற பெயர் தெரியாத முதியவர் ஒருவர், மொழி ஒத்துவராத நிலையிலும், தம் விரலால் என் நூல் முடிச்சை ஒரு சாண் மேலே தள்ளிவிட்டுப் போனார். அன்று முற்பகலிலேயே எனக்கு முதல் மீன் கிடைத்தது.

அந்தத் தக்கைக்குக் கீழே கட்டப்படுவது பெரும்பாலும் சால்மனின் முட்டைக் கொத்தேதான். தன் இனத்தின் முட்டையை அது ஏன் கவ்வுகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். கவ்வுகிறது என்பதில் மட்டும் ஐயமில்லை. பச்சை முட்டை முள்ளில் நில்லாது. வெண்காரம், உப்பு, சர்க்கரை சேர்த்துப் பிசிறி, முட்டை தன் நீரைக் கசியவிட்டு அதையே திரும்ப உறிஞ்சியபின் உலர்த்தினால் ரப்பர்போல் இறுகும். முள்ளின் தண்டில் நரம்பைச் சுற்றி, மேலே ஒரு வளையம் தொய்வாக நிற்கும்படி போடப்படும் முடிச்சு ஒன்று இதற்கெனவே இருக்கிறது. அந்த வளையத்துக்குள் முட்டைக் கொத்தைச் செருகி இறுக்கினால், குத்தாமலே பிடித்துக்கொள்ளும். நீர் தெளிந்திருக்கும் நாளில் கொட்டைப்பாக்கு அளவும் மெல்லிய நரம்பும் போதும். மழைக்குப்பின் கலங்கல் வரும்போது எலுமிச்சை அளவுக்குப் பெருக்கி, நிறத்தையும் கூட்ட வேண்டும். கோஹோ ஓட்டம் குறைந்த மடுக்களில் ஒதுங்கினால், முட்டையை விட்டுவிட்டுச் சுழலும் தகடுடைய ஸ்பின்னரையோ கரண்டி வடிவத் தகடான ஸ்பூனையோ வீசி இழுப்பதே மேல். சம் மீன் இளஞ்சிவப்பும் ஊதாவுமான கம்பளிக் குஞ்சத்தைக்கூட மூர்க்கமாகத் தாக்கும். சாக்கையோ ஆற்றில் எளிதில் எதையும் கடிப்பதில்லை. அதனால் நீண்ட முன்நரம்பை மீன் கூட்டத்தின் குறுக்கே ஓடவிட்டு, திறந்த வாயில் நரம்பு நுழைந்து முள் வெளிப்புறமாக மாட்டும்படி செய்வோர் உண்டு. அதைத் தூண்டில் என்று ஒப்புக்கொள்ள என் மனம் இடம் தரவில்லை. ஊத்தாக் கூடையால் மீனைக் கவிழ்ப்பதில் இருக்கும் நேர்மைகூட அதில் இல்லை.

வாசனை பற்றியும் ஒரு சொல். சால்மன் தான் பிறந்த ஓடையை மோப்பத்தால் அறிந்து திரும்புகிறது என்பது 1950-களிலிருந்து ஆய்வாளர்கள் சோதித்து நிறுவிய செய்தி. அதே காலகட்டத்தில், மனிதர் உள்ளிட்ட பாலூட்டிகளின் தோலிலிருந்து நீரில் கலக்கும் செரைன் என்னும் அமினோ அமிலத்தை உணர்ந்தால் ஆற்றில் ஏறும் சால்மன்கள் மிரளுகின்றன என்றும் கண்டார்கள். எனவே இரையைத் தொடுமுன் மணமற்ற சோப்பால் கை கழுவுவது அங்கே வீண் சம்பிரதாயம் அன்று. தலைவலித் தைலம் தடவிய விரலால் நான் கட்டிய முட்டைக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதை விவரிக்க வேண்டாம்.

கட்டுரையில் முற்றிலும் விடுபட்டது சட்டம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடலிலும், ஃபிரேசர் ஆற்றில் மிஷன் என்னும் ஊரின் ரயில் பாலத்திலிருந்து கடல்வரையுள்ள பகுதியிலும் பிடிக்க ஓர் உரிமம். பாலத்துக்கு மேற்புறமுள்ள நன்னீரில் பிடிக்க வேறோர் உரிமம். பிடித்த சால்மனை வைத்துக்கொள்ள, உரிமத்துடன் சால்மன் வளப் பாதுகாப்புக்கான முத்திரைக்கும் தனியே கட்டணம் செலுத்த வேண்டும். நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனையுள்ள முள்ளைச் சால்மனுக்குப் பயன்படுத்தக் கூடாது. நம் ஊரிலிருந்து முள் கொண்டுபோகிறவர்கள் குறட்டால் அந்த முனையை நசுக்கித் தட்டையாக்கிவிட வேண்டும். அப்படிச் செய்தபின் நரம்பு ஒரு நொடி தொய்ந்தாலும் மீன் கழன்றுவிடும் என்பதால், இறுக்கம் விடாமல் சுற்றப் பழக வேண்டும். இந்த விதிக்குக் காரணம் உண்டு. பல இடங்களில், பொரிப்பகத்தில் வளர்த்து, முன்பு சொன்ன அந்தச் சதைத் துடுப்பைக் கத்தரித்து விடப்பட்ட கோஹோவை மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுதாக இருக்கும் இயற்கை மீனைக் காயமின்றி நீரில் விட்டுவிட வேண்டும். வாயில் அல்லாமல் உடலில் முள் ஏறிய மீனையும் விட்டே தீர வேண்டும். விராலுக்குத் தவளைக்குஞ்சையும் உயிர்மீனையும் குத்திப் பழகியவர்கள், அந்த ஆறுகளில் உயிருள்ள மீனை இரையாக்குவது குற்றம் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சில பருவங்களில், சில பகுதிகளில், இரை கட்டவே தடை வரும். அப்போது தகடும் குஞ்சமும்தான் கதி. கனடாவின் கிழக்குப் பகுதியில் இருக்கும் அட்லாண்டிக் சால்மனோ வேறொரு பேரினம். அதற்கு இறகாலும் நூலாலும் கட்டிய செயற்கை ஈயை வீசுவதைத் தவிர வேறு முறைக்கு அங்குள்ள சால்மன் ஆறுகளில் பொதுவாக அனுமதியில்லை. டொராண்டோவில் இருக்கும் பிள்ளை கிழக்குக் கரை மாகாணமான நியூ பிரன்ஸ்விக்குக்கு அழைத்துச் சென்றால் இந்தக் கடிதத்தில் உள்ள ஹெர்ரிங்கும் முட்டையும் பயன்படா.

காலாவும் சால்மனும் வெவ்வேறு மீன்கள் என்பதையும், உரிமம் பற்றிய விவரத்தையும் அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தமாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். சினூக்கும் கோஹோவும் ஆறேறும் காலத்தை ஒட்டி ஆடி, ஆவணியில் எங்கள் ஊர்களிலிருந்து புறப்படுவோர் இப்போதே பயணச்சீட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். காரைக்குடியில் தூண்டில் முள்ளும் ஈயக்குண்டும் வாங்கிப் பெட்டியில் வைத்திருப்பவர் ஒருவரையாவது நான் அறிவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.